ஊர் எழுதும் கட்டம்

1996ஆம் ஆண்டு மாரி. அக்கராயனில் ஒரு பாடசாலைத் தாழ்வாரம்தான் எங்கள் ஆய்வுகூடம். அந்த வருடம் போரில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது வைத்தியசாலையும் சேர்ந்து இடம்பெயர்ந்தது. அதன் பின்னால் நானும் வந்தேன், ஒரு நுணுக்குக்காட்டியோடும் இரண்டு பெட்டி சிலைட்டோடும் ஒரு போத்தல் ஜீம்சா சாயத்தோடும். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை. விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய வட்டக் கண்ணாடியைப் பூட்டி, வெயிலைப் பிடித்து உள்ளே விட்டுத்தான் பார்ப்பேன். மழை இருட்டினால் மலேரியாவுக்கும் விடுமுறை.

காய்ச்சலோடு ஒரு கிழவர் வந்து வாங்கிலில் இருந்தார். விரலில் குத்தித் துளி எடுத்துக்கொண்டே வழக்கம்போலக் கேட்டேன்.

"எவ்விடம் ஐயா?"

"கொக்குவில்."

எழுதினேன். அடுத்தவர் மானிப்பாய். அதற்கடுத்த பிள்ளை கோண்டாவில். பின்னேரம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. காய்ச்சல்காரர் எல்லாரும் வன்னிக் காட்டுக்குள் தறப்பாளின் கீழ் இருக்கிறார்கள். என் பதிவேட்டில் மலேரியா யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கொழும்பில் யாராவது அந்தத் தாளைக் கூட்டிக் கழித்தால், கொக்குவிலுக்கு மருந்து அடிக்க ஆள் அனுப்பியிருப்பார்கள்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தில் ஒரு பெரும் பகுதி கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தது. குடாநாடு சுண்ணக்கல் பூமி. ஆறு இல்லை, மலேரியாவும் அரிது. வன்னியோ குளமும் வாய்க்காலும், வற்றின ஆற்றில் தேங்கிய குட்டையுமாக நுளம்புக்கு ஏற்ற இடம். வன்னிப் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் நாலைந்து தரம் காய்ச்சல் வந்து உடம்பு பழகியிருக்கும். பழகாத உடம்போடு பழகாத காட்டுக்குள் வந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள்.

சிவப்புப் பேனாவால் பதிவேட்டில் இன்னொரு கோடு கீறினேன். 'சொந்த ஊர்' ஒரு கட்டம், 'இப்போது இருக்கும் இடம்' ஒரு கட்டம். அரசாங்கப் பதிவேட்டில் கோடு கீற உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று மேலே இருந்தவர் ஒருவர் ஏசினார். கோடு அப்படியே இருந்தது. பிறகு மூன்றாவது ஒரு கோடும் தேவைப்பட்டது: 'காய்ச்சல் தொடங்க முன்னர் இருந்த இடம்'. ஏனென்றால் சனம் மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை மலேரியாவைப் பற்றியதல்ல. ஆனால் இந்த மூன்று கோடும் மனதில் இல்லாமல் மற்றக் கதையை எனக்குச் சொல்லத் தெரியாது.

*

2010 கடைசியில் சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தென் சூடானுக்குப் போனேன். அப்போது அது தனி நாடாகவில்லை. ஜொங்லி மாநிலத்தில், செராப் ஆற்றிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு ஊர். சிறிய விமானம் மண் பாதையில் இறங்கும்; அதற்கு முன் ஒருவர் ஓடிப்போய் ஆடுகளைக் கலைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து கறுப்புக் களிமண் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் முழங்கை வரை போகும்.

காலா ஆசார் என்ற நோயை நான் அதற்கு முன் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அங்கே அது மரநிழல் எல்லாம் படுத்திருந்தது. மாதக் கணக்கான காய்ச்சல், ஈர்க்குப் போன்ற கால்கள், அதற்கு நடுவில் பூசணிக்காயைக் கட்டிவிட்டதுபோல் வயிறு. வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வந்திருக்கும். தாதிகள் அதன் விளிம்பைப் பேனாவால் தோலில் வரைந்து, ஒவ்வொரு கிழமையும் நாடாவால் அளப்பார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்தக் கோடு பின்வாங்குவது சொல்லும். மருந்து இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

என் வேலை மூன்று படி. முதலில் விரல்நுனி இரத்தத்தில் ஒரு பட்டிச் சோதனை. இரண்டு கோடு விழுந்தால் நோய். அது பிடிபடாமல் சந்தேகம் மிஞ்சினால் இரத்தத்தைக் கரைத்துக் கரைத்துக் குழித் தட்டில் விட்டு மறுநாள் வரை வைத்துப் பார்ப்பது. நோய் இருந்தால் குழியின் அடியில் நீலம் பாய்போல் விரியும். இல்லாவிட்டால் ஊசிக்குத்துப்போல் ஒரு புள்ளியாகக் குவியும். அதுவும் இடையில் நின்றால் மூன்றாவது: அரையில் வீங்கிய நெறியில் ஊசி விட்டு, அல்லது வைத்தியர் மண்ணீரலிலிருந்தே எடுத்துத் தரும் துளியைச் சிலைட்டில் இழுத்து, சாயம் ஏற்றிப் பார்ப்பது. மண்ணீரலுக்குள் ஊசி ஒரு செக்கன்கூட நிற்கக் கூடாது. நின்றால், நோயாளி அசைந்தால், உள்ளே இரத்தம் கசிந்து அந்த இடத்திலேயே முடிந்துபோகலாம். ஊசி போட்ட பிறகு மணிக்கணக்காக ஆளை அசையாமல் கிடத்தி வைத்திருப்போம். எட்டு வயதுப் பிள்ளையை அசையாமல் கிடத்துவது நுணுக்குக்காட்டி வேலையைவிடக் கடினம்.

சிலைட்டில் தேடுவது ஒரு முட்டை வடிவம். மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று பங்கு. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டக் கரு; பக்கத்தில் குறுக்கே ஒரு சிறு கோல். வட்டம் மட்டும் இருந்தால் அது வேறு ஏதோ. கோலும் இருந்தால் அதுதான். 'இல்லை' என்று எழுத வேண்டுமானால் ஆயிரம் பார்வைத்தளம் பார்த்திருக்க வேண்டும். மலேரியாவில் 'இல்லை' சொல்ல இத்தனை பாடில்லை.

பதிவேட்டில் இதற்குப் பெயர் 'எல்.டி. பொடி'. லெயிஷ்மன், டொனவன் என்ற இரண்டு பேரின் முதலெழுத்து. எங்கள் பக்கத்தில் பொடி என்றால் பிணம். முதல் நாள் பதிவேட்டைத் திறந்து 'பொடி: நாலு கூட்டல் குறி' என்று வாசித்தபோது வயிறு ஒருதரம் புரண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

என் உதவியாளன் இருபத்திரண்டு வயது நுவேர் பெடியன். நெற்றியில் காது தொட்டுக் காது வரை ஆறு தழும்புக் கோடு. தன் எருதின் பெயரால் தன்னைக் கூப்பிடச் சொன்னான். அது என் வாயில் நுழையவில்லை. "மாலே" என்பது அவர்களுடைய வணக்கம். காலையிலும் "மாலே"தான். ஒருநாள் அவன் கேட்டான்: "டொனவன் என்பவர் எங்கள் நாட்டில் வேலை பார்த்தவரா?"

இல்லை, அவர் மதராசில் இருந்தவர் என்றேன். மதராஸ் எங்கே என்றான். எங்கள் வீட்டுக்கு வடக்கே, கடலைத் தாண்டி, என்றேன். அந்தப் பதிலில் எனக்கொரு அற்பப் பெருமை இருந்தது.

*

சார்ள்ஸ் டொனவன் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படிப்பித்தார். சென்ட்ரல் ஸ்ரேசனுக்கு எதிரே இன்றும் இருக்கிற பொது மருத்துவமனையில் வேலை. மண்ணீரல் வீங்கிச் செத்தவர்களை எல்லாரும் மலேரியா என்று எழுதிக்கொண்டிருந்த காலம். 1903 ஏப்ரலில், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து எடுத்த சிலைட்டுகளில் அந்தக் கருவும் கோலும் அவர் கண்ணில் பட்டன. இறந்த பிறகு உடம்பில் ஏற்படும் மாற்றமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. ஜூன் 17இல் உயிரோடிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார். அதிலும் இருந்தன. நான் செராப் ஆற்றோரம் செய்துகொண்டிருந்த வேலையின் தொடக்கம் அந்தப் பையனின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழேதான். வாசித்தபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி, அவன் எந்த ஊர் என்பது.

மற்றவர் வில்லியம் லெயிஷ்மன். அவர் பார்த்தது இங்கிலாந்தில், நெட்லி இராணுவ மருத்துவமனையில், 1900இல் இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில். அந்தச் சிப்பாய் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் பாசறையில் இருந்துவிட்டு நோயோடு திரும்பியவன். அதனால் அங்கே அதற்கு 'டம்டம் காய்ச்சல்' என்று பெயர். நோய் தொற்றியது வங்காளத்தில், உயிர் போனது நெட்லியில், கண்டுபிடித்ததும் நெட்லியில். லெயிஷ்மன் கட்டுரை 1903 மே மாதம் அச்சானது, டொனவனின் கடிதம் ஜூலையில். யார் முந்தி என்று சண்டை வராமல் ரொனால்ட் ராஸ் என்ற மலேரியா ஆய்வாளர் இருவர் பெயரையும் முடிந்து 'லெயிஷ்மானியா டொனவானி' என்று வைத்தார். டொனவன் பின்னர் ராயப்பேட்டை மருத்துவமனைக்கு முதல் கண்காணிப்பாளரானார். ஓய்வுக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சிகளைப் பட்டியலிட்டுக்கொண்டு காலம் கழித்தார் என்று அறிந்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கண்ணால் சீவித்தவனுக்குக் கண் சும்மா இராது.

'காலா ஆசார்' என்ற பெயர் அஸ்ஸாமிலிருந்து வந்தது. கறுப்பு நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பாதியில் காரோ மலையடிவாரத்தில் தொடங்கி, பிரம்மபுத்திரா வழியாக ஊர் ஊராகக் கிழக்கே ஏறியது. ஆட்கள் நடமாடிய பாதையிலேயே அதுவும் நடந்தது. நவ்காங் மாவட்டத்தில் 1891க்கும் 1901க்கும் இடையில் சனத்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தே போனது. சனம் அதைச் 'சர்க்கார் நோய்' என்றும் சொன்னதாம். வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்த நோய் என்ற பொருளில். அதிகாரிகளுக்கு அது அறியாமையாகப் பட்டிருக்கும். எனக்கென்னவோ அந்தச் சனம் தொற்றுநோயியல் படிக்காமலே பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

எதனால் பரவுகிறது என்று நிரூபிக்க 1942 வரை போனது. மணல் ஈ என்று எல்லாருக்கும் சந்தேகம். நுளம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத, இறக்கையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு தத்தித் தத்திப் பறக்கும் பூச்சி. ஆனால் அது கடித்து மனிதருக்கு நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை. ஈ ஒருமுறை இரத்தம் குடித்த பிறகு இனிப்புப் பழச்சாறு குடித்தால்தான் கிருமி அதன் தொண்டையை அடைக்குமளவுக்குப் பெருகும் என்பதைப் பிறகு கண்டார்கள். அந்தப் பழம் உலர்ந்த திராட்சை, நாங்கள் கேக்குக்குப் போடுகிற பிளம்ஸ். பிளம்ஸ் தின்ற ஈக்களைத் தாங்களாக முன்வந்தவர்கள்மேல் கடிக்கவிட்டு, நோய் வந்ததைக் காட்டி, பிறகு மருந்து கொடுத்து மாற்றினார்கள். அந்தக் கட்டுரையின் முதற் பெயர் சுவாமிநாத்.

அந்த அஸ்ஸாமியச் சொல்லைத்தான் செராப் ஆற்றோரத்தில் நுவேர் தாய்மார் சொல்லிக்கொண்டு வருவார்கள். "கலசார்." பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, வயிற்றைக் காட்டி, "கலசார்." பிரம்மபுத்திராவைக் கேள்விப்பட்டிராத வாய்களில்.

*

அவர்கள் ஊருக்கு அந்தச் சொல் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் இருந்த இடத்துக்கு மேற்கே, நைலுக்கு அப்பால், மேற்கு மேல் நைல் என்ற நிலப்பரப்பு. பெந்தியு, லேர், டுவார். நுவேர், டிங்கா மக்களின் மாட்டு நாடு. பக்கத்தில் எண்ணெய் வயல்கள். எண்ணெய் நகரங்களில் ஒன்றின் பெயர் ஹெக்லிக். அது உண்மையில் ஒரு மரத்தின் பெயர். அந்த மரமும் சிவந்த பட்டைக் கருவேலும் கறுப்புக் களிமண்ணும் சேர்ந்த காடுதான் சூடானிய மணல் ஈக்கு வீடு.

1960களின் தொடக்கத்தில் அங்கே பெருவெள்ளம் வந்து பல வருடம் தங்கியது. கருவேல் மரங்கள் நின்றபடியே செத்தன. வெள்ளம் வடிந்தபின் புதுக்கன்றுகள் முளைத்து, இருபது வருடத்தில் காடு திரும்பவும் மூடிக்கொண்டது. அதாவது 1980களில் ஈக்கு வீடு தயார். கிருமி மட்டும் இல்லை. 1983இல் போரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. (நான் கதை சொல்லும்போது 'போரில் போர்' என்று சிரிப்பார்கள், அந்த நகரத்தின் பெயரே போர்தான்.) இளைஞர்கள் ஆயுதப் பயிற்சிக்காக நடந்தே எத்தியோப்பிய எல்லைக்குப் போனார்கள். காலா ஆசார் ஏற்கெனவே இருந்த கிழக்குப் பகுதிகளைக் கடந்து போய், கடந்து வந்தார்கள். திரும்பி வந்தவர்களின் உடம்பில் கிருமியும் வந்தது என்பதுதான் பின்னர் ஆராய்ந்தவர்களின் கணிப்பு. வீடும் தயார், விருந்தாளியும் வந்தாயிற்று. அந்தப் பகுதிச் சனத்தின் உடம்புக்கோ இந்த நோயைக் கண்ட பழக்கமே இல்லை. தாக்குதலுக்குப் பயந்து ஓடியவர்கள் ஒளிந்ததும் அதே கருவேல் காட்டுக்குள்தான்.

1984 அளவில் சாவு தொடங்கியது. நாலு வருடம் அதற்குப் பெயர் இல்லை. மருத்துவமனை இல்லை, பாதை இல்லை, உள்ளே போக அனுமதி இல்லை. பசியில் செத்தார்கள் என்றும் காய்ச்சலில் செத்தார்கள் என்றும் ஆகியிருக்கும்; இரண்டும் பொய்யில்லை.

அந்த நோயைக் கண்டுபிடித்தது அந்த மண்ணில் அல்ல. 1988இல், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே, கார்ட்டூம் நகர எல்லையில் இடம்பெயர்ந்தோர் ஒதுங்கியிருந்த குடிசைகளில். எம்.எஸ்.எப். என்ற எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் ஹொலண்ட் கிளை வைத்தியர்கள் அங்கே தெற்கிலிருந்து வந்த சிலரிடம் மாறாத காய்ச்சலையும் பெரிய மண்ணீரலையும் பார்த்தார்கள். காலா ஆசார் என்று சோதனை சொன்னது. நோயாளிகளுக்குக் கார்ட்டூம் முகவரியை எழுதிவிட்டு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்கிருந்து நடந்து வந்தீர்கள் என்று கேட்டார்கள். பதில் எல்லாம் பெந்தியுப் பக்கத்தைக் காட்டியது. கடித்ததற்கும் காய்ச்சலுக்கும் இடையில் மாதக்கணக்கு இடைவெளி விடும் நோய் இது. ஆள் ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தில்தான் படுப்பான். அந்தக் கேள்வியை நான் என் சிவப்புக் கோட்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பேன். பெருமைக்காக இல்லை, நான் கீறியது எட்டு வருடம் பிந்தி, அதுவும் வேறு நோய்க்கு.

1989இல் லேரிலும் 1990இல் டுவாரிலும் சிகிச்சை தொடங்கினார்கள். ஜில் சீமன் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் அந்த வேலையின் முகமாகப் பின்னர் அறியப்பட்டார். கட்டடம் என்று இருந்தது புல் வேய்ந்த மண் குடிசையும் மரநிழலும். மருந்து, அந்திமனி உப்பு. தினம் ஒரு ஊசி, முப்பது நாள். குண்டு விழும் என்றால் ஊசி நடுவில் நிற்கும். நோயாளிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் மாதக் கணக்காக மரத்தின் கீழ் ஒரு ஊராகவே இருந்தார்கள்.

சீமனும் கூட்டாளிகளும் பிறகு உயிரோடிருந்தவர்களிடம் செத்தவர்களைக் கேட்டுக் கேட்டு எண்ணினார்கள். 1984 முதல் 1994 வரை மேற்கு மேல் நைலில் ஏறக்குறைய 1 இலட்சம் பேர் காலா ஆசாரில் இறந்ததாகக் கணக்கு வந்தது. அந்தப் பகுதியின் சனத்தொகை 2 இலட்சத்து 80 ஆயிரம். நான் இதை எப்படி விளங்கிக்கொள்வேன் என்றால், எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டைப் பூட்டிப் பார்ப்பேன். பிறகு அந்த நினைப்பை விட்டுவிடுவேன்.

காலா ஆசார் போன்ற நோய்களுக்கு 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. நோயைப் புறக்கணித்தார்கள் என்பது எனக்கு ஒட்டாத சொல். நோயை யாரும் புறக்கணிக்கவில்லை. லெயிஷ்மனும் டொனவனும் பார்த்தார்கள். பிரம்மச்சாரி என்ற வங்காள வைத்தியர் 1920களில் கல்கத்தாவில் அந்திமனி மருந்தைத் திருத்தி, அஸ்ஸாமில் ஏராளமான உயிர்களைக் காத்தார். பிளம்ஸ் கொடுத்து ஈ வளர்த்தார்கள். இத்தனைக்கும் பிறகு, 1984இல், ஊசி எங்கோ ஒரு அலுமாரியில் இருக்க, டுவாரில் ஒரு ஊர் செத்துக்கொண்டிருந்தது.

ஊசியின் விலையும் ஒரு கதை. இங்கிலாந்தில் செய்த மருந்து கைக்கு எட்டாத விலை. அதே மருந்தைக் கல்கத்தாவில் அல்பேர்ட் டேவிட் என்ற கம்பனி பல மடங்கு மலிவாகச் செய்தது. மலிவானது சரிப்படுமா என்ற பழைய கேள்விக்கு, சூடானிலேயே இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இல்லை என்று 2000இல் வெளியிட்டார்கள். நான் போன காலத்தில் இன்னொரு மருந்தையும் சேர்த்து முப்பது நாளைப் பதினேழாகக் குறைத்திருந்தார்கள். ஆனால் நாளுக்கு இரண்டு ஊசி. விடிந்ததும் பிள்ளைகளின் அழுகை வரிசையாகக் கேட்கும். அதை வைத்து மணி சொல்லலாம். குணமாகிப் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சில மாதத்தில் முகமெல்லாம் சொரசொரவென்று பொரி பொங்கும். கிருமி உள்ளுறுப்பை விட்டுவிட்டுத் தோலுக்கு வந்து நிற்பது அது. தாய்மார் அதற்குப் பயப்படுவதில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது என்பதற்கு அவர்களுக்கு அது ஒரு அடையாளம்.

*

2011 ஜனவரியில் பிரிவதா சேர்ந்திருப்பதா என்று வாக்கெடுப்பு. அதற்கு முன்னும் பின்னும் கார்ட்டூமிலிருந்து சனம் திரும்பத் தொடங்கியது. 1988இல் வடக்கே ஓடியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கட்டிலும் கதிரையும் கோழிக்கூடும் ஏற்றிய பாதைகளில் நைல் வழியே இறங்கினார்கள். (பாதை என்று எங்களூரில் ஆற்றைக் கடக்கும் தட்டையான தோணியைச் சொல்வோம்.) நகரத்தில் பிறந்து வளர்ந்த உடம்புகள். கருவேல் காட்டு ஈக்குப் புதிது. அந்த வருடம் எங்கள் மரநிழல் போதாமல் தறப்பாள் கட்டினோம். கொட்டில்களைப் பார்க்க எனக்கு 95 ஞாபகம் வந்தது. கொக்குவில் சனம் வன்னிக்கு வந்தது. கார்ட்டூம் சனம் செராபுக்கு வந்தது. கோலம் ஒன்றுதான், பூச்சிதான் வேறு.

அங்கேயும் பதிவேட்டில் ஊர்க் கட்டம் ஒன்றுதான் இருந்தது. உதவியாளன் நுவேரில் கேட்பான்: "உன் சியெங் எது?" சியெங் என்றால் வீடு, ஊர். ஆனால் நின்று சொல்லும் இடத்தைப் பொறுத்து அது மாறும் என்று எவான்ஸ்-பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் நுவேர் மக்களைப் பற்றி 1940இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். பக்கத்து ஊரில் நின்றால் தன் குடிசை. தூரத்தில் நின்றால் தன் குலத்தின் நிலம் முழுதும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு மானிடவியல் தேவைப்படவில்லை. கொழும்பில் நாங்கள் யாழ்ப்பாணம்; யாழ்ப்பாணத்தில் தென்மராட்சி; சாவகச்சேரியில் ஒழுங்கையின் பெயர். வைத்தியசாலையில் இருப்பவனோ ஊசிமுனைபோல் ஒரு இடத்தைக் கேட்கிறான்: ஈ உன்னை எங்கே கடித்தது?

கார்ட்டூமில் பிறந்த ஒரு பெண், லேரைக் கண்ணாலும் பார்த்திராதவள், "லேர்" என்றாள். உதவியாளன் லேர் என்று எழுதினான். நான் பேனாவை வாங்கிக் கோடு கீறினேன். அவன் என்னைப் பார்த்தான். "அவள் பொய் சொல்லவில்லையே" என்றான். பொய் சொல்லவில்லை என்றேன். பிறகு மற்ற இரண்டு கட்டத்துக்கும் கேட்கச் சொன்னேன். அதில் கால் மணி நேரம் போனது, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஜூலை 9இல் சுதந்திரம். எருது வெட்டினார்கள். அன்றும் காலை ஊசி நடந்தது.

*

2012இல் ஊருக்குத் திரும்பி என் பழைய கதிரையில் இருந்தேன். ஒக்டோபரில்தான் இலங்கையில் உள்ளூர்த் தொற்றாக வந்த கடைசி மலேரியா. அதன்பின் நான் பார்த்த மலேரியாச் சிலைட் எல்லாம் 'இல்லை'. ஒரு மனுசன் தன் தொழிலின் எதிரி செத்துப்போவதைப் பார்த்துவிட்டுப் பென்சனுக்குக் காத்திருப்பது சுகமா துக்கமா என்று இன்னும் தெரியவில்லை.

2013 டிசம்பரில் தென் சூடானில் திரும்பவும் போர். 2014இன் தொடக்கத்தில் லேர் வைத்தியசாலையைக் கொள்ளையிட்டுக் கொளுத்தினார்கள். 25 வருடம் அந்த இடத்தில் நின்ற வைத்தியசாலை. அங்கே வேலைசெய்த உள்ளூர் ஆட்கள் கையில் தூக்க முடிந்த மருந்தோடும் நடக்க முடிந்த நோயாளிகளோடும் சதுப்புக் காட்டுக்குள் போனார்கள் என்று செய்தி வந்தது. என் உதவியாளனுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.

அதே வருடம் பங்குனியில் ஒரு அம்மா என்னிடம் வந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கன்னத்தில் ஒரு ரூபாக் குற்றியளவு புண், ஓரம் தடித்து, நடுவில் பொருக்கு. நோவில்லை, கடியில்லை, ஆறு மாதமாக ஆறவுமில்லை. விளிம்பைச் சுரண்டிச் சிலைட்டில் இழுத்தேன். சாயம் காய்ந்ததும் பார்த்தேன். வட்டக் கரு. பக்கத்தில் கோல்.

இலங்கையில் இந்தக் கிருமி உள்ளூரிலேயே தொற்றியதாக முதலில் பதிவானது 1992இல். பிறகு வடக்குக் காடுகளில் நின்ற சிப்பாய்களிடம் அதிகமாகக் கண்டார்கள். 2008 முதல் அறிவிக்க வேண்டிய நோய். இனமும் அதே டொனவானிதான்; ஆனால் இங்கே அது பெரும்பாலும் மண்ணீரலுக்குப் போகாமல் தோலோடு நின்றுவிடுகிறது. பரப்பும் ஈ, அஸ்ஸாமில் பிளம்ஸ் தின்ற அதே இனம். புண்ணைக் குளிர்ந்த வாயுவால் உறைய வைப்பார்கள், அல்லது அதே அந்திமனி ஊசியைப் புண்ணுக்குள்ளேயே போடுவார்கள். உயிருக்குப் பயமில்லை.

இதையெல்லாம் சொன்னேன். "புற்றுநோய் இல்லைத்தானே தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டா. இல்லையம்மா என்றேன். பிறகு படிவத்தை எடுத்தேன். புதிய படிவம். சொந்த முகவரி, தற்போதைய முகவரி. அதன் கீழே, 'கடந்த 2 வருடங்களில் தங்கிய இடங்கள்'. அதற்கு ஒரு வரி விட்டிருந்தார்கள்.

"ரெண்டு வருசத்துக்குள்ள எங்கெங்க இருந்தனீங்கள் அம்மா?"

அவ கொஞ்சம் யோசித்தா. சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டா.

"தொண்ணூத்தஞ்சில கொடிகாமம் வந்தனாங்கள்," என்று தொடங்கினா. "அங்க ஒரு பள்ளிக்கூடம். பிறகு கிளாலியால வந்து உருத்திரபுரம். பிறகு ஸ்கந்தபுரம்..."

ரெண்டு வருசம்தான் கேட்டிருக்கிறார்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவ விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தா. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன். அந்த ஒரு வரி ஸ்கந்தபுரத்தோடேயே முடிந்துபோயிருந்தது. நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.